ஜிஏபிடிஎச்சை நம்பிய எட்டு மாதம்

ஆக்சிஜன் குறைந்தால், அதாவது ஹைபாக்ஸியாவில், எங்கள் புரதம் பாதியாகிறது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் எட்டு மாதம் ஓட்டினேன். லேப் மீட்டிங்கில் மூன்று முறை காட்டினேன், ஒரு கருத்தரங்கில் போஸ்டராக ஒட்டினேன், கட்டுரையின் முதல் படத்தையே அதை நம்பித்தான் வரைந்து வைத்திருந்தேன். வெஸ்டர்ன் பிளாட் மூன்று தடவை செய்து மூன்றிலும் அதே முடிவு, ஜீனிலிருந்து வரும் எம்ஆர்என்ஏவை அளக்கும் கியூபிசிஆர் செய்து பார்த்தால் அதிலும் அதே முடிவு, புள்ளியியல் சோதனையின் பி மதிப்பு 0.05-க்குக் கீழே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு என்ன வேண்டும்?

புரதம் குறையவே இல்லை என்பதுதான் பிற்பாடு தெரிந்தது.

எப்படி ஏமாந்தேன், எப்படிக் கண்டுபிடித்தோம், அதற்கப்புறம் என்னென்ன பழக்கங்களை மாற்றிக்கொண்டேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் புதிதாக இறங்கியிருப்பவர்களுக்கு ஓரிரு மாதமாவது மிச்சமாகும். புரதத்தின் பெயரைச் சொல்லவில்லை, வேலை இன்னும் வெளியாகவில்லை. செல்லின் சவ்வில் பன்னிரண்டு முறை உள்ளேயும் வெளியேயும் நுழைந்து உட்கார்ந்திருக்கும் ஒரு கடத்திப் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டு முறை என்பதும் பிறகு ஒரு தலைவலியாக வரும்.

வெஸ்டர்ன் பிளாட் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். செல்களை உடைத்துப் புரதங்களை வெளியே எடுக்கிறோம், அந்தச் சாறுதான் லைசேட். எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துச் சூடாக்கினால் மடிந்திருந்த புரதங்கள் அவிழ்ந்து நீளும், எல்லாவற்றின் மேலும் எதிர் மின்னூட்டம் ஏறும். அப்புறம் ஒவ்வொரு சாம்பிளையும் ஜெல்லில் தனித்தனித் தடத்தில் (லேன்) ஓடவிட்டால் சின்னது வேகமாகவும் பெரியது மெதுவாகவும் இறங்கும். இந்த ஜெல் முறையை லேம்லி 1970-இல் எழுதியது போலத்தான் இன்றும் கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிறோம். ஜெல்லில் பிரிந்த புரதங்களை மின்சாரத்தால் ஒரு மெல்லிய மெம்பிரேனுக்கு மாற்றி, நமக்கு வேண்டிய புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றி, அந்த ஆன்டிபாடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை வெளிச்சமாகப் படம் பிடிக்கிறோம். டௌபினும் சகாக்களும் 1979-இல் இந்த மாற்றும் முறையை வெளியிட்டார்கள், பர்னெட் 1981-இல் 'வெஸ்டர்ன்' என்று பெயர் வைத்தார். டிஎன்ஏவுக்கான முறைக்கு சதர்ன் என்பவரின் பெயர் இருந்தது, ஆர்என்ஏவுக்கு அதைக் கிண்டலாகத் திருப்பி நார்தர்ன் என்று வைத்தார்கள், புரதத்துக்கு இது. அதாவது பெயரே ஒரு ஜோக்.

கடைசியில் கிடைப்பது ஒரு கறுப்புக் கோடு, அதாவது பேண்ட். கோடு தடிமனாக இருந்தால் புரதம் அதிகம், மெல்லியதாக இருந்தால் குறைவு. ஆனால் ஒரு சாம்பிளில் கூடக் கொஞ்சம் ஊற்றியிருந்தாலும் கோடு தடிக்குமே? அதற்காகத்தான் லோடிங் கன்ட்ரோல். எந்த நிலைமையிலும் மாறாது என்று நாம் நினைக்கும் ஒரு புரதத்தையும் அதே மெம்பிரேனில் அளந்து, நம் புரதத்தின் மதிப்பை அதனால் வகுப்போம். ஜிஏபிடிஎச், பீட்டா ஆக்டின், டியூபுலின் என்று நாலைந்து பெயர்களே எல்லா லேபிலும் சுற்றிச் சுற்றி வரும். எங்கள் லேபில் ஜிஏபிடிஎச். ஏன் என்று கேட்டால் ஃப்ரிட்ஜில் அந்த ஆன்டிபாடி இருந்தது, எனக்கு முன்னால் இருந்தவர்களும் அதையே போட்டார்கள், அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு ஜூனியர் என் பழைய சாம்பிள்களை வைத்துப் பிளாட் பழகிக்கொண்டிருந்தாள். டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் மெம்பிரேனைப் பான்சோ என்ற சிவப்புச் சாயத்தில் முக்கினால் மொத்தப் புரதமும் இளஞ்சிவப்புப் பட்டைகளாகத் தெரியும், தண்ணீர் விட்டால் போய்விடும். நாங்கள் எல்லோரும் அதை ஒரு நொடி பார்த்து 'டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கு' என்று தலையாட்டிவிட்டுக் கழுவிவிடுவோம். அவள் புதுசு என்பதால் அதையும் போனில் படம் எடுத்து நோட்டில் ஒட்டியிருந்தாள். மறுநாள் ஜிஏபிடிஎச் படம் வந்ததும் அதை இதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நான் எதையோ தப்பா லோடு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன். ஹைபாக்ஸியா லேன் எல்லாத்துலயும் ஜிஏபிடிஎச் தடிமனா இருக்கு. ஆனா பான்சோல எல்லாம் ஒண்ணாத்தானே தெரியுது?"

அவள் எதையும் தப்பாக லோடு பண்ணவில்லை. ஆறு லேன்களிலும் சிவப்பு ஒரே அடர்த்தி. ஜிஏபிடிஎச் மட்டும் முதல் மூன்றில் ஒல்லியாகவும் அடுத்த மூன்றில் பருமனாகவும் இருந்தது. நான் என் லேப்டாப்பைத் திறந்து பழைய மூன்று பிளாட்களின் அசல் ஃபைல்களை எடுத்தேன். அவற்றிலும் அப்படியேதான். நான் இத்தனை நாள் அந்தப் படங்களைப் பார்க்கவே இல்லை, சாஃப்ட்வேர் கொடுத்த எண்களை எடுத்து ஒன்றை இன்னொன்றால் வகுத்துக்கொண்டிருந்தேன். என் கடத்திப் புரதத்தின் கோடு எல்லா லேனிலும் ஒன்றுபோலவே இருந்தது. கீழே வகுக்கும் எண் இரட்டிப்பானதால் விடை பாதியானது. நான்காம் வகுப்புக் கணக்கு.

சரி, கியூபிசிஆர்? அதுதான் எனக்கு வலித்தது. ஒரு முடிவு இரண்டு தனித்தனி முறைகளில் வந்தால் நம்பலாம் என்று படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் கியூபிசிஆரிலும் நான் ஒப்பீட்டு ஜீனாக வைத்திருந்தது இதே ஜிஏபிடிஎச்தான். இரண்டு பேரை நேரம் கேட்டேன், இரண்டு பேரும் ஒரே நேரம் சொன்னார்கள், இருவரும் பார்த்தது சுவரில் தொங்கிய அந்த ஒரே ஓடாத கடிகாரத்தை. இப்போது யாராவது 'இரண்டு முறையிலும் உறுதிப்படுத்தினோம்' என்று சொன்னால் நான் முதலில் கேட்பது, இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்பதுதான். ஒரே லைசேட்டா, ஒரே நாள் வளர்த்த செல்லா, ஒரே கன்ட்ரோலா.

இதில் வெட்கம் என்னவென்றால், ஜிஏபிடிஎச் ஏன் ஏறியது என்பது பாடப்புத்தக விஷயம். அது குளுக்கோஸை உடைக்கும் கிளைகாலிசிஸ் பாதையில் வேலை செய்யும் என்சைம். ஆக்சிஜன் குறைந்தால் செல் மைட்டோகாண்ட்ரியாவை விட்டுவிட்டுக் கிளைகாலிசிஸைத்தான் நம்பும், ஹிஃப்-1 என்ற புரதம் எழுந்து அந்தப் பாதையின் என்சைம்களை அதிகம் தயாரிக்கச் சொல்லும், பல வகைச் செல்களில் அந்த வரிசையில் ஜிஏபிடிஎச்சும் உண்டு. ஆக்சிஜனைச் செல் எப்படி உணர்கிறது என்ற இந்தக் கதைக்குத்தான் 2019-இல் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வருட அறிவிப்பை நான் நேரலையில் பார்த்துக் கைதட்டியவள். ஹைபாக்ஸியா சோதனைக்கு ஜிஏபிடிஎச்சைக் கன்ட்ரோலாக வைத்தது, தராசில் நிறுக்கவேண்டிய பொருளையே எடைக்கல்லாக வைத்த மாதிரி.

கைடிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆக்டின் போட்டுப் பாரு" என்றார். போட்டேன். ஆக்டின் எல்லா லேனிலும் அச்சில் வார்த்தது போலச் சமமாக வந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை அப்படியே நம்பியிருந்தால் இன்னொரு குழிக்குள் விழுந்திருப்பேன். அந்த நேரத்தில் எதையும் நம்பாத மனநிலையில் இருந்ததால், ஒரே லைசேட்டை 40, 20, 10, 5, 2.5 மைக்ரோகிராம் என்று குறைத்துக்கொண்டே போய் ஒரு ஜெல் ஓட்டினேன். 40-லும் 20-லும் 10-லும் ஆக்டின் கோடு ஏறக்குறைய ஒன்றேதான்! நான்கு மடங்கு வித்தியாசத்தை அது காட்டவில்லை. 5-க்குக் கீழேதான் குறையத் தொடங்கியது. நான் வழக்கமாக லோடு பண்ணுவது 30. அதாவது என் ஆக்டின் சமமாகத் தெரிந்ததற்கு லோடிங் சமமாக இருந்தது காரணமே இல்லை, சிக்னல் உச்சத்தில் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. தாராளமாக இருக்கும் புரதங்களுக்கெல்லாம் இந்தச் சிக்கல் உண்டு. வாழ்நாளில் ஒரு முறையாவது உங்கள் ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் இந்த நீர்த்தல் வரிசையை ஓட்டிப் பாருங்கள். ஒரு ஜெல், ஒரு நாள் வேலை. எந்த அளவில் இரண்டு மடங்கு புரதம் இரண்டு மடங்கு சிக்னலாகத் தெரிகிறதோ அந்த அளவில்தான் பிறகு எல்லாச் சோதனையும்.

உச்சத்தில் முட்டுவது இரண்டு இடத்தில் நடக்கிறது என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். ஒன்று கேமராவில். அதிக நேரம் படம் பிடித்தால் பிக்சல்கள் நிரம்பிவிடும், பெரும்பாலான இமேஜர்கள் அவற்றைச் சிவப்பாகக் காட்டி எச்சரிக்கும், நேரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். இன்னொன்று மெம்பிரேனிலேயே. ஈசிஎல் என்பது ஹெச்ஆர்பி என்சைம் லூமினாலை ஆக்சிஜனேற்றம் செய்து வெளிச்சம் தரும் வேதிவினை. ஓரிடத்தில் என்சைம் அளவுக்கு அதிகமாகக் குவிந்தால் அங்கிருக்கும் லூமினாலை நொடியில் தின்று தீர்த்துவிடும், நாம் படம் பிடிக்கும்போது வெளிச்சம் அணைந்து போயிருக்கும். கோட்டின் நடுவில் வெள்ளையாகப் பள்ளம் விழுந்து ஓரம் மட்டும் கறுப்பாக இருக்கிறதே, அது இதுதான். இதற்குக் கேமரா நேரத்தைக் குறைத்துப் பிரயோஜனமில்லை. புரதத்தையோ ஆன்டிபாடியையோ குறைக்க வேண்டும், குறிப்பாக முதல் ஆன்டிபாடியின் மேல் ஒட்டி ஹெச்ஆர்பியைச் சுமந்து வரும் இரண்டாவது ஆன்டிபாடியை. எங்கள் லேபில் 1:2000 என்று யாரோ எப்போதோ எழுதி வைத்ததை நான் 1:20000 ஆக்கினேன், பின்னணி அழுக்கும் சேர்ந்தே போய்விட்டது.

கடைசியில் நான் தனி ஒரு புரதத்தை நம்புவதையே விட்டுவிட்டேன். இப்போது மொத்தப் புரதத்தை வைத்துத்தான் வகுக்கிறேன், அதாவது அந்த ஜூனியர் எடுத்த பான்சோ படம். லேன் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை அளந்தால் ஆயிரக்கணக்கான புரதங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும், அதில் ஒன்றிரண்டு ஏறி இறங்கினாலும் கூட்டுத்தொகை அவ்வளவு அசையாது. புரதத்தையே ஒளிரவைக்கும் ஜெல்களும் ஒளிரும் சாயங்களும் வந்துவிட்டன, அவை இன்னும் துல்லியம். ஆனால் பான்சோவே போதும், இரண்டு நிபந்தனைகளோடு. சாயம் மங்குவதற்குள் எடுக்க வேண்டும், போனில் இல்லாமல் ஸ்கேனரிலோ இமேஜரிலோ எடுக்க வேண்டும். சில ஜர்னல்கள் இப்போது லோடிங் கன்ட்ரோலாக இதைத்தான் விரும்புவதாக எழுதியே கேட்கின்றன. கியூபிசிஆருக்கும் ஒரு ஜீனை விட்டு மூன்று ஜீன்களுக்கு மாறினேன், அவற்றின் பெருக்கல் சராசரியை எடுக்கிறேன். ஒரு ஜீனை மட்டும் நம்பாதே என்று வாண்டெசோம்பெலெ குழு 2002-லேயே சொல்லிவிட்டது, நான்தான் கேட்கவில்லை.

தோண்ட ஆரம்பித்தால் ஓட்டைகள் வரிசையாக வந்தன. பிளாட்டுக்கு முன்னால் இருக்கும் வேலையில்தான் பாதி முடிவு தீர்மானமாகிவிடுகிறது, ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கட்டுரைகளில் 'செல்கள் உடைக்கப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

என் ஹைபாக்ஸியா சோதனை உண்மையில் வேலை செய்ததா என்று காட்ட ஹிஃப்-1 ஆல்ஃபாவைப் பாசிட்டிவ் கன்ட்ரோலாகப் போட்டேன். ஒரு நாள் பிரமாதமாக வரும், இன்னொரு நாள் சுத்தமாக வராது. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கினோம், அதுவும் அப்படித்தான். காரணம் ஆன்டிபாடி இல்லை, என் கைவேகம். ஆக்சிஜன் கிடைத்துவிட்டால் ஹிஃப்-1 ஆல்ஃபா சில நிமிடங்களில் அழிக்கப்பட்டுவிடும். நான் செல் தட்டை ஆக்சிஜன் குறைந்த அறையிலிருந்து வெளியே எடுத்து, சாதாரண வெப்பநிலையில் இருந்த உப்புக் கரைசலால் பொறுமையாக இரண்டு முறை கழுவி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே செல்களை உடைக்கும் லைசிஸ் பஃபரை ஊற்றியிருக்கிறேன். தனியாக இருந்த நாட்களில் பேச்சில்லை, அதனால் பேண்ட் வந்தது. சிரிக்காதீர்கள், நோட்டைப் பார்த்து ஒப்பிட்டுத்தான் சொல்கிறேன். இப்போது தட்டு வெளியே வந்த உடனே ஐஸ் மேல், ஐஸ்போல் குளிர்ந்த கரைசலில் ஒரே கழுவல், அதை முழுவதும் உறிஞ்சியதும் பஃபர், ஸ்க்ரேப்பர். ஒவ்வொரு தட்டுக்கும் எத்தனை நொடி ஆனது என்றுகூட எழுதுகிறேன். நான்கு தட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, ஏனென்றால் பத்தாவது தட்டின் செல்கள் முதல் தட்டின் செல்கள் அனுபவித்ததை அனுபவிக்கவில்லை.

பாஸ்பேட் ஏறிய புரதங்களைப் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். புரோட்டியேஸ் தடுப்பான் மாத்திரையைப் போட்டுவிட்டு பாஸ்பேட்டேஸ் தடுப்பானை மறந்தால், புரதம் இருக்கும், அதன் மேல் இருந்த பாஸ்பேட் இருக்காது. பிஎம்எஸ்எஃப் என்ற புரோட்டியேஸ் தடுப்பான் தண்ணீரில் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் கடைசி நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். 'முன்கூட்டியே கலந்து வைத்திருக்கும் பஃபர்' என்று ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜில் இருந்தால் அது எப்போது கலந்தது என்று கேளுங்கள்.

புரத அளவைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு அசட்டுத்தனம் செய்திருக்கிறேன். பிராட்ஃபோர்டு முறை 1976-இல் வந்தது, சீக்கிரம் முடியும், ஐந்து நிமிடத்தில் நீலம் வந்துவிடும். ஆனால் டிடர்ஜென்ட் அதிகம் இருந்தால் சாயம் குழம்பிவிடும், நாங்கள் செல்களை உடைக்கும் ரிபா பஃபர் முழுக்க டிடர்ஜென்ட்தான். தாமிரத்தை வைத்து அளக்கும் பிசிஏ முறை அதைத் தாங்கும், பதிலுக்கு டிடிடி, மெர்கேப்டோ எத்தனால் மாதிரி ஒடுக்கும் பொருட்கள் இருந்தால் தாமிரத்தை அவையே ஒடுக்கி எல்லாக் குழியையும் ஊதா ஆக்கிவிடும். அதனால் ரிபாவில் உடைத்து, பிசிஏவில் அளந்து, அதற்கு அப்புறம்தான் டிடிடி இருக்கும் சாம்பிள் பஃபரைச் சேர்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எண் வரும், அர்த்தம் வராது. லைசேட் மூக்குச்சளி போல இழுத்தால் அது டிஎன்ஏ, பைப்பெட் அதைச் சரியாக எடுக்காது, ஒலி அலையால் சிதைத்து, அதாவது சோனிகேட் செய்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

இப்போது அந்தப் பன்னிரண்டு முறை. என் புரதத்துக்குக் கணக்குப்படி 55 கிலோடால்டன் எடையில் கோடு வர வேண்டும். மங்கலாக வரும், கூடவே ஜெல்லின் உச்சியில், லோடு பண்ணும் கிணற்றின் வாயில் ஒரு கறுப்புக் கறை. அந்தக் கறையை நான் ஒவ்வொரு படத்திலும் வெட்டி எறிந்துகொண்டிருந்தேன், அழுக்கு என்று நினைத்து. சவ்வுப் புரதங்களை ஆராயும் ஒருவர் போஸ்டர் முன்னால் நின்று கேட்டார்: "கொதிக்க வெச்சீங்களா?" ஆமாம், 95 டிகிரியில் ஐந்து நிமிடம், எல்லோரும் செய்வதுதானே. அவர் சிரித்தார். சவ்வுக்குள் பலமுறை நுழைந்து வரும் புரதங்களின் உடம்பெல்லாம் தண்ணீருக்கு ஆகாத பகுதிகள், கொதித்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், அந்தக் கட்டி ஜெல்லுக்குள் நுழையவே நுழையாது. 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன். உச்சிக் கறை காணாமல் போனது, 55-க்குக் கொஞ்சம் கீழே பளிச்சென்று கோடு. நான் இத்தனை நாள் அளந்துகொண்டிருந்தது கட்டியாகாமல் தப்பித்த மிச்சத்தை. வெட்டி எறிவதற்கு முன்னால் முழுப் படத்தையும் பாருங்கள் என்று சொல்வது நேர்மைக்காக மட்டுமில்லை, நமக்கு வேண்டிய தகவல் அந்த ஓரத்தில் இருக்கலாம்.

கோடு கணக்குப்படி இருக்கும் இடத்தில் வராததைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பி53 புரதத்துக்குப் பெயரே ஜெல்லில் 53-இல் தெரிந்ததால் வந்தது, அதன் உண்மை எடை 44-க்குச் சற்றுக் கீழேதான். புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய இருப்பதால் மெதுவாக ஓடுகிறது. சர்க்கரை ஒட்டிய புரதங்கள் இன்னும் மேலே, கடத்திப் புரதங்கள் பல நேரம் கீழே. ஆனால் எதிர்பாராத இடத்தில் வந்த கோடுதான் நம் புரதம் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஆன்டிபாடி விவகாரம்.

என் ஆன்டிபாடியின் பெட்டியில் என் புரதத்தின் பெயர் எழுதியிருந்தது. அது ஒன்றும் அத்தாட்சி இல்லை. ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பீட்டா என்ற புரதத்துக்கான 13 ஆன்டிபாடிகளை ஒரு குழு சோதித்து 2017-இல் வெளியிட்டது, ஒன்றே ஒன்றுதான் அந்தப் புரதத்தை மட்டும் பிடித்தது. அதற்கு முன் அந்தப் புரதம் எந்தத் திசுவில் இருக்கிறது என்று எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்! 2023-இல் இன்னொரு குழு 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளைச் செல்களிலிருந்து அந்தந்த ஜீனையே நீக்கிவிட்டுப் பரிசோதித்தது, பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஒரு முறையிலாவது தோற்றன. எனக்குத் தெரிந்து இதை விட நேரான சோதனை இல்லை: புரதமே இல்லாத செல்லில் கோடு மறைகிறதா? மறைந்தால் நம்பலாம். மறையவில்லை என்றால் அது வேறு ஏதோ. நாக்அவுட் செல் கிடைக்காவிட்டால் ஜீனை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏவால் குறைத்தாவது பார்க்கலாம், குறைத்த அளவுக்குக் கோடும் குறைய வேண்டும்.

எங்களுடையதைச் சோதித்தபோது நல்லவேளையாகக் கீழே இருந்த கோடு நாக்அவுட்டில் மறைந்தது. ஆனால் 70 அருகே இருந்த இன்னொரு கோடு, நான் 'சர்க்கரை ஒட்டிய வடிவம்' என்று போஸ்டரில் அம்புக்குறி போட்டு விளக்கியது, அசையாமல் அப்படியே நின்றது. அம்புக்குறியை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பிளாட்டில் வேலை செய்யும் ஆன்டிபாடி திசுச் சாயத்தில் வேலை செய்யும் என்பதும் கிடையாது, பிளாட்டில் புரதம் அவிழ்ந்து கிடக்கிறது, அங்கே மடிந்து இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பெட்டி எண்ணையும் லாட் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். பல ஆன்டிபாடிகளின் கலவையான பாலிகுளோனல் என்றால் அடுத்த லாட் வேறொரு விலங்கிலிருந்து வந்திருக்கலாம்.

சின்ன விஷயம் ஒன்று, ஒரு வாரம் போனது அதில்: மிச்சமான ஆன்டிபாடிக் கரைசல் கெடாமல் இருக்க சோடியம் அசைடு போடுவோம் இல்லையா, அதை ஹெச்ஆர்பி இருக்கும் இரண்டாவது ஆன்டிபாடியில் போட்டுவிடாதீர்கள். அசைடு ஹெச்ஆர்பியைக் கொன்றுவிடும். மெம்பிரேன் வெள்ளையாக வரும், நீங்கள் உலகத்தையே சந்தேகப்படுவீர்கள்.

புள்ளியியல் பற்றி எனக்கு நீளமாகப் பேச உரிமை இல்லை, என் முதல் படத்தில் எண்ணிக்கை மூன்று என்று போட்டதே பித்தலாட்டத்துக்குப் பக்கத்தில்தான். ஒரே நாளில், ஒரே குப்பியிலிருந்து பிரித்த செல்களை மூன்று தட்டுகளில் வளர்த்து, ஒரே ஜெல்லில் மூன்று லேன்களில் ஓட்டினால் அது மூன்று ஆகாது. ஒன்று. மூன்று தட்டுகள் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் அவை ஒன்றே என்பதுதான். வேறு வேறு வாரங்களில், வேறு பாசேஜ் (பிரித்து வளர்த்த வேறு தலைமுறை) செல்களில் முதலிலிருந்து செய்தால்தான் அது இன்னொன்று. என் எட்டு மாத 'மூன்று' என்பது உண்மையில் இரண்டு, இரண்டு தடவை ஒரே லைசேட்டை ஓட்டியிருந்தேன். இன்னொரு கள்ளத்தனம், கன்ட்ரோலை எப்போதும் 1 என்று ஆக்கிவிடுவது. ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலின் மதிப்பை அதனாலேயே வகுத்தால் அதன் ஏற்ற இறக்கம் மாயமாகிவிடும், வரைபடத்தில் அதன் பாரின் மேல் பிழைக்கோடே இருக்காது, அதை வைத்துச் சாதாரண டி-டெஸ்ட் போட்டால் பி மதிப்பு இருக்க வேண்டியதை விட அழகாக வரும்.

எம்ஆர்என்ஏ ஏறினால் புரதமும் ஏறும் என்று எழுதாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ஷ்வான்ஹௌசர் குழு 2011-இல் எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் ஆயிரக்கணக்கான ஜீன்களை அளந்து பார்த்தபோது, புரத அளவுகளின் வேறுபாட்டில் ஏறக்குறைய 40% மட்டுமே எம்ஆர்என்ஏ அளவால் விளங்கியது. சராசரிப் புரதம் ஒன்றின் அரை ஆயுள் 46 மணி நேரம், எம்ஆர்என்ஏவுக்கு 9 மணி நேரம். நான் ஆறு மணி நேர ஹைபாக்ஸியா கொடுத்துவிட்டு, நீண்ட நாள் வாழும் ஒரு சவ்வுப் புரதம் பாதியாகிவிட்டது என்று நம்பியிருக்கிறேன். உற்பத்தியை முழுவதும் நிறுத்தினாலும் அவ்வளவு நேரத்தில் அது பாதியாகாது! யாராவது அழிக்க வேண்டும். இந்த எளிய கணக்கை யாருமே, என்னையும் சேர்த்து, மூன்று லேப் மீட்டிங்கிலும் போட்டுப் பார்க்கவில்லை.

குழிகளில் ஆன்டிபாடியால் புரதத்தை அளக்கும் எலிசாவுக்கும், புரதத் துண்டுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கும் மாறிவிடலாமே என்பார்கள். மாறலாம், அவற்றுக்கும் அவற்றின் பொறிகள் உண்டு. சாண்ட்விச் எலிசாவில் புரதம் அளவுக்கு மீறி இருந்தால் சிக்னல் ஏறுவதற்குப் பதில் இறங்கும், அதனால் சாம்பிளை இரண்டு மூன்று நீர்த்தல்களில் ஓட்டிப் பார்க்காமல் எண்ணை எழுதக் கூடாது. எங்கள் லைசேட்டை மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பியபோது ஜிஏபிடிஎச் ஏறியது தெளிவாகத் தெரிந்தது, எனக்கு வேண்டிய கடத்திப் புரதம் பாதிச் சாம்பிள்களில் கண்ணிலேயே படவில்லை. சவ்வுப் புரதங்களிலிருந்து அளக்கத் தோதான துண்டுகள் குறைவாகத்தான் கிடைக்கும்.

முழுப் படங்களை, வெட்டாமல், அசல் ஃபைலாக, தேதியோடு வைத்திருங்கள். எலிசபெத் பிக்கும் சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்து, 3.8% கட்டுரைகளில் தகாத முறையில் திரும்ப வந்த படங்களைக் கண்டார்கள். எல்லோரும் திருடர்கள் இல்லை, 'பிளாட்_புதுசு_கடைசி_2' என்று ஃபைலுக்குப் பெயர் வைத்த யாருக்கும் தவறான படம் ஒட்டிக்கொள்ளும். என்னிடம் அந்த மூன்று அசல் ஃபைல்களும் இருந்ததால்தான் ஒரே மாலையில் எங்கே தவறினேன் என்று பார்க்க முடிந்தது.

மொத்தத்தையும் முதலிலிருந்து செய்தோம். நான்கு தனித்தனி வாரங்கள், 37 டிகிரி, 8 மைக்ரோகிராம், நாக்அவுட் லேன் ஒவ்வொரு ஜெல்லிலும், பான்சோ ஸ்கேன். ஆறு மணி நேரத்தில் மாற்றமில்லை, இருபத்து நான்கிலும் இல்லை. நாற்பத்தெட்டில் கொஞ்சம் குறைகிறது, குறைவதும் கால்வாசிக்குக் கீழேதான், நான்கில் ஒரு வாரத்தில் அதுவும் இல்லை. கைடு அந்த நான்கு புள்ளிகளையும் பார்த்துவிட்டு "சரி, இதுதான் இருக்கு" என்றார். கட்டுரையின் முதல் படம் இப்போது துணைப் பகுதியின் ஐந்தாம் படம். ஜூனியருக்குத் தனி லேப் நோட்டு வந்துவிட்டது, அதில் ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் படம் ஒட்டியிருக்கிறாள், ஃப்ரிட்ஜில் பாதி மிச்சமிருக்கும் ஜிஏபிடிஎச் குப்பியின் மேல் 'ஹைபாக்ஸியாவுக்கு இல்லை' என்று டேப்பில் எழுதி ஒட்டியதும் அவள்தான்.